க்ரீமில் ப்ரிசர்வேட்டிவ்: எது, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது? முழுமையான வழிகாட்டி

‘நோ ப்ரிசர்வேட்டிவ்’ என்று எழுதிய கற்றாழை ஜெல், பன்னீர், ஃபேஸ் க்ரீம் எல்லாம் இன்ஸ்டாகிராமில் இப்போது ஏராளம். வாங்குகிறவர்கள் அந்த வரியைத் தரச்சான்று போல எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் கலந்த ஒரு பொருளில், அதுவும் நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும், அந்த வரியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. ப்ரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் காக்கும் பொருள், இருக்கிறதா என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது. எந்த ப்ரிசர்வேட்டிவ், எவ்வளவு, எந்த பி.எச்-சில் (புளிப்பு, காரத்தன்மையைக் காட்டும் அளவு), எந்த இடத்தில் பூசுவதற்கு என்று கேட்க வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்கும், சிறிய அளவில் செய்து விற்பவர்களுக்கும், கடையில் லேபிளைத் திருப்பிப் படிப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் பொருளில் தண்ணீர் இருக்கிறதா?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். தண்ணீரே சேராத பொருளில் நுண்ணுயிர் வளராது. நலங்கு மாவு, கடலை மாவு, முல்தானி மட்டி போன்ற காய்ந்த பொடிகள், தேங்காய் எண்ணெய், தேன்மெழுகும் ஷியா வெண்ணெயும் சேர்ந்த லிப் பாம் இவற்றுக்கெல்லாம் ப்ரிசர்வேட்டிவ் தேவையில்லை. பொடியை ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, இறுக்கமாக மூடினால் போதும். அதே நலங்கு மாவைத் தயிரிலோ பன்னீரிலோ குழைத்துவிட்டால் அன்றே பயன்படுத்திவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் மட்டுமல்ல. பன்னீர், கற்றாழைச் சாறு, வெட்டிவேர் ஊறிய நீர், பால், அரிசி களைந்த நீர் எல்லாமே தண்ணீர்தான். சொல்லப்போனால் வெறும் தண்ணீரைவிட இவை மோசம். நுண்ணுயிருக்குச் சாப்பாடும் சேர்ந்தே கிடைக்கிறது. சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த ஸ்க்ரப்பில் தண்ணீர் இல்லை, ஆனால் குளியலறையில் ஈரக் கையை விட்டு எடுப்பார்கள். அதற்கும் ப்ரிசர்வேட்டிவ் போடத்தான் வேண்டும்.

பலர் வைட்டமின் ஈ எண்ணெயையும் ரோஸ்மேரி சாறையும் ப்ரிசர்வேட்டிவ் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். அவை ஆன்டிஆக்சிடன்ட், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். பாக்டீரியாவை அவை தடுப்பதில்லை.

படி 2: எதைத் தடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சித்திரை மாதத்தில் வெளியே வைத்த இட்லி மாவு பொங்கி, புளித்து, வாடை காட்டிவிடும். க்ரீம் அப்படிக் காட்டாது. ஒரு கிராமில் லட்சக்கணக்கில் பாக்டீரியா பெருகிய பிறகும் நிறம் மாறாமல், வாசனை திரவிய மணத்தோடு பார்க்க அழகாகவே இருக்கும். கண்ணுக்குப் பூஞ்சை தெரிகிற நாளில் அது பல நாள் பழைய கதை.

சரும க்ரீம்களில் அடிக்கடி பிடிபடுவது சூடோமோனாஸ் ஏருஜினோசா, பர்கோல்டேரியா செபாசியா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா என்ற ஈஸ்ட், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. முதல் இரண்டும் தண்ணீரில் வாழ்ந்து பழகியவை. பல கிருமிநாசினிகளையே தாக்குப்பிடிக்கும். 1970-களில் அமெரிக்காவில் மஸ்காரா குச்சி கருவிழியில் கீறி, அதிலிருந்த சூடோமோனாஸ் தொற்றி, கண்ணில் புண் வந்து பார்வை கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. 2006-ல் பார்சிலோனாவில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்கு பர்கோல்டேரியா தொற்றியது. தேடிப் பார்த்தபோது, அவர்கள் உடம்பில் பூசிய மாய்ஸ்சரைசரிலேயே அந்தக் கிருமி இருந்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு பருவோடு போகக்கூடியது, பிறந்த குழந்தைக்கும், சர்க்கரை நோய்ப் புண் உள்ளவருக்கும், எக்சிமா என்ற தோல் அழற்சியால் தோல் வெடித்தவருக்கும் ஆபத்தாகிவிடும்.

படி 3: லேபிளில் வரும் பெயர்களைக் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள்

*பாராபென்.* மெத்தில்பாராபென், எத்தில்பாராபென், புரோபைல்பாராபென், பியூட்டைல்பாராபென். 1920-களிலிருந்து பயன்பாட்டில் இருப்பவை. இவற்றின் மீதான பயத்துக்கு 2004-ல் இங்கிலாந்தில் பிலிப்பா டார்பர் குழு வெளியிட்ட ஆய்வு பெரிய காரணம். மார்பகப் புற்றுக்கட்டிகளின் 20 மாதிரிகளில் பாராபென் இருப்பதை அது காட்டியது. ஆனால் பாராபென்னால்தான் புற்று வந்தது என்று அது காட்டவில்லை. ஆரோக்கியமான மார்பகத் திசுவோடு ஒப்பிடவும் இல்லை. செய்தியில் அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று.

பாராபென்னுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போன்ற செயல்பாடு உண்டு என்பது உண்மை. உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனைவிடப் பல்லாயிரம் மடங்கு பலவீனமானது என்பதும் ஆய்வகத்தில் கண்டதே. மூலக்கூற்றுச் சங்கிலி நீள நீள அந்தச் செயல்பாடு கூடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. மெத்தில், எத்தில் ஒவ்வொன்றும் 0.4 சதவீதம் வரை, மொத்தப் பாராபென் 0.8 சதவீதம் வரை அனுமதி. புரோபைல், பியூட்டைல் இரண்டும் சேர்ந்து 0.14 சதவீதம்தான், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாப்கின் பகுதியில் பூசி, கழுவாமல் அப்படியே விட்டுவிடும் க்ரீம்களில் அதுவும் கூடாது. ஐசோபுரோபைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐந்து பாராபென்கள் 2014-ல் தடை செய்யப்பட்டன. என் கணிப்பில் இது நியாயமான கோடு. ஒவ்வாமை விஷயத்தில் பாராபென் மிகச் சாது: தோல் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்க கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி 2019-ல் இதை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்றே முன்னிறுத்தியது.

*மெத்தில்ஐசோதயசோலினோன்.* இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாராபென் வேண்டாம் என்று மக்கள் ஒதுக்கத் தொடங்கிய காலத்தில், பல நிறுவனங்கள் இதன் பக்கம் போயின. 2005 முதல் ஐரோப்பாவில் இது தனியாக 0.01 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. வெட் வைப்ஸ், லோஷன், ஷாம்பூ எல்லாவற்றிலும் நுழைந்தது. அடுத்த சில வருடங்களில் தோல் மருத்துவர்களிடம் முகம் வீங்கி, கை தடித்து வந்தவர்களின் கூட்டம் பெருகியது. 2013-ல் அதே அமெரிக்கச் சங்கம் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. 2017-ல் ஐரோப்பாவில் பூசி விட்டுவிடும் பொருள்களில் முழுத் தடை வந்தது. கழுவும் பொருள்களில் உச்சவரம்பு 0.0015 சதவீதமாகச் சுருங்கியது. அதற்குள் ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு அது வாழ்நாளுக்கும் மாறாது. ‘பாராபென் ஃப்ரீ’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்து வாங்கியவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பூசி விட்டுவிடும் க்ரீமில் இந்தப் பெயரோ ‘மெத்தில்குளோரோஐசோதயசோலினோன்’ என்பதோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

*ஃபார்மால்டிஹைடை விடுவிப்பவை.* டிஎம்டிஎம் ஹைடன்டோயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15, ப்ரோனோபால். சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை விட்டுக் கிருமியைக் கொல்பவை. ஷாம்பூவில் அதிகம் வரும். கழுவிவிடும் பொருளில் இருந்தால் பதற வேண்டாம். ஃபார்மால்டிஹைடு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். அவர்களைக் காக்கத்தான் ‘ஃபார்மால்டிஹைடை விடுவிக்கும்’ என்று லேபிளில் எழுத வேண்டிய வரம்பை ஐரோப்பா 2022 ஆணையில் 0.05 சதவீதத்திலிருந்து 0.001 சதவீதத்துக்கு இறக்கியது. வீட்டில் செய்பவர்கள் இவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

*ஃபீனாக்சிஎத்தனால்.* இன்று அதிகம் புழங்குவது. உச்சவரம்பு 1 சதவீதம். பாக்டீரியா மீது வலு. பூஞ்சை மீது சற்றுப் பலவீனம். அதனால்தான் எத்தில்ஹெக்சில்கிளிசரினோடு 9-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து விற்கிறார்கள்.

*அமிலங்கள்.* சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், டிஹைட்ரோஅசெட்டிக் அமிலம். உணவிலும் இருப்பதால் ‘இயற்கை’ முத்திரை வாங்கிய பொருள்களில் இவைதான் வரும். பென்சைல் ஆல்கஹால் பெரும்பாலும் டிஹைட்ரோஅசெட்டிக் அமிலத்துக்குத் துணை.

வேப்பெண்ணெய், மஞ்சள், டீ ட்ரீ எண்ணெய் போதாதா என்று கேட்பார்கள். போதாது. க்ரீமைக் காக்கும் அளவுக்கு டீ ட்ரீ எண்ணெய் சேர்த்தால் முகம் எரியும், ஒவ்வாமையும் வரும். கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு கிருமியைக் கொல்கிறது என்று விற்றார்கள். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது, பல மாதிரிகளில் கொன்றது அதில் கலந்திருந்த பென்சிதோனியம் குளோரைடு போன்ற செயற்கை ப்ரிசர்வேட்டிவ்தான்.

படி 4: பி.எச் பார்க்காமல் ப்ரிசர்வேட்டிவ் வாங்காதீர்கள்

வீட்டில் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் உப்பாக இருக்கும்வரை பயனில்லை. புளிப்பான சூழலில் அமிலமாக மாறினால்தான் கிருமியின் உடலுக்குள் நுழைய முடியும். எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். பென்சோயேட் பி.எச் 4.5-ல் மூன்றில் ஒரு பங்கு அமிலமாக இருக்கும். பி.எச் 5-ல் அது 14 சதவீதம். பி.எச் 6-க்குப் போனால் 2 சதவீதம்கூட இல்லை. அதாவது, பி.எச் 6.5 உள்ள லோஷனில் பென்சோயேட் போட்டால் லேபிளில் மட்டும்தான் ப்ரிசர்வேட்டிவ் இருக்கிறது. சார்பேட் கொஞ்சம் தாராளம்: பி.எச் 5-ல் 36 சதவீதம் வேலை செய்யும். ஐரோப்பிய உச்சவரம்பு பூசி விட்டுவிடும் பொருளில் பென்சோயிக் அமிலமாகக் கணக்கிட்டு 0.5 சதவீதம், சார்பிக் அமிலமாக 0.6 சதவீதம்.

ஃபீனாக்சிஎத்தனாலுக்கு பி.எச் பெரிய பிரச்சினை இல்லை. பாராபென்னும் சருமத்தின் பி.எச் எல்லைக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால் பாலிசார்பேட் 20, 80 போன்ற எமல்சிஃபையர்கள் (எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பவை) அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வீரியத்தைக் குறைத்துவிடும்.

பி.எச் தாள் வாங்கினால் 4 முதல் 7 வரை அரை அரையாகக் காட்டும் தாளாக வாங்குங்கள். 1 முதல் 14 வரை காட்டும் பள்ளிக்கூடத் தாள் இந்த வேலைக்கு உதவாது. விற்பனைக்குச் செய்பவர்கள் மீட்டர் வாங்கிவிடுங்கள்; பி.எச் முன்பே தெரிந்த பஃபர் திரவத்தில் அளவுதிருத்தம் செய்யாத மீட்டரை நம்பாதீர்கள்.

படி 5: சேர்க்கும் முறை, ஒரு கற்றாழை ஜெல்லை வைத்து

100 கிராமுக்கான அளவு: டிஸ்டில்டு வாட்டர் 93.5 கிராம், கிளிசரின் 4 கிராம், ஜெல்லைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் 0.8 கிராம், 200 மடங்கு செறிவூட்டிய கற்றாழைப் பொடி 0.5 கிராம், டைசோடியம் இடிடிஏ 0.1 கிராம், ஃபீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த கலவை 0.9 கிராம், பொட்டாசியம் சார்பேட் 0.2 கிராம். தோட்டத்துக் கற்றாழையை அப்படியே அரைத்துப் போடாமல் பொடி எடுத்ததற்குக் காரணம், மடலோடு மண்ணிலிருந்து வரும் கிருமிச் சுமை. எந்த ப்ரிசர்வேட்டிவும் ஏற்கெனவே அழுக்கான பொருளைச் சுத்தமாக்காது.

பாத்திரம், கரண்டி, பாட்டில் எல்லாவற்றையும் கழுவி, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து உலரவிடுங்கள். சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டாது. தண்ணீரில் இடிடிஏ, கற்றாழைப் பொடி, சார்பேட் மூன்றையும் முன்பே கரைத்து வைத்திருங்கள். இடிடிஏ தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. சூடோமோனாஸின் வெளிச்சுவரைத் தளர்த்தி ப்ரிசர்வேட்டிவுக்கு வழி விடுகிறது. 0.1 கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் ஃபீனாக்சிஎத்தனால் கலவை. இது தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. ஊற்றியதும் பாத்திரத்தின் அடியில் கண்ணாடி முத்துப்போல உருண்டு கிடக்கும். அந்த முத்துகள் மறையும்வரை விடாமல் கலக்க வேண்டும். பாதியில் விட்டால் மேல் பகுதிக்குப் பாதுகாப்பே இருக்காது. அடியில் இருப்பதைப் பூசுபவருக்கு எரியும். பிறகு பி.எச் பாருங்கள். சார்பேட் பி.எச்-சைச் சற்று ஏற்றியிருக்கும். சிட்ரிக் அமிலத்தை 10 சதவீதக் கரைசலாக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு 5-க்குக் கொண்டு வாருங்கள். மறுநாள் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

0.9 கிராமைச் சொட்டுக் கணக்கில் போடாதீர்கள். ட்ராப்பருக்கு ட்ராப்பர் சொட்டின் எடை மாறும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கொஞ்சம் கூடப் போட்டால் கூடப் பாதுகாப்பு என்ற எண்ணமும் வேண்டாம். வரம்பைத் தாண்டினால் எரிச்சல் மட்டுமே கூடும்.

எண்ணெய் சேர்ந்த லோஷனில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிருமி வளர்வது தண்ணீர்ப் பகுதியில். ஃபீனாக்சிஎத்தனால், பாராபென் இரண்டும் எண்ணெய்க்குள்ளும் நழுவிவிடும். எண்ணெய் அதிகமானால் தண்ணீர்ப் பகுதியில் மிஞ்சும் ப்ரிசர்வேட்டிவ் குறையும். ஜெல்லுக்குப் போதுமான அளவு கெட்டியான க்ரீமுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

படி 6: எதில் அடைப்பது

வாய் அகன்ற டப்பாவில் ஒவ்வொரு நாளும் விரல் போகிறது. பம்ப் பாட்டில், ட்யூப், காற்றுப் புகாத ஏர்லெஸ் பம்ப் இவற்றில் கிருமி நுழைவது குறைவு. டப்பாதான் வேண்டுமென்றால் சிறு கரண்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். க்ரீம் கெட்டியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் உங்கள் கணக்கு முழுதும் பாழ். ‘தண்ணீர் சேர்க்க வேண்டாம்’ என்று லேபிளில் எழுதுங்கள்.

ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் வீட்டில் அரைத்த கற்றாழையை ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் வேண்டாம். குளிர் கிருமியை மெதுவாக்கும், நிறுத்தாது. ஐஸ் ட்ரேயில் உறையவைத்து ஒவ்வொரு கட்டியாக எடுப்பது நல்ல வழி.

படி 7: சோதித்துப் பார்ப்பது

ஆறு மாதம் அலமாரியில் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது சோதனை ஆகாது. திறக்காத பாட்டிலில் கிருமி நுழையவே இல்லையே. சரியான முறைக்கு சேலஞ்ச் டெஸ்ட் என்று பெயர், ஐ.எஸ்.ஓ 11930 அதற்கான தரநிலை. பொருளுக்குள் வேண்டுமென்றே சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலை, கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செலுத்துவார்கள். 7, 14, 28 நாள்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவார்கள். ஏழாம் நாளில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் இதற்கு வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கட்டணம் சிறு தயாரிப்பாளருக்குச் சுமைதான். எல்லா வகைக்கும் செய்ய முடியாவிட்டால், தண்ணீரும் மூலிகைச் சாறும் அதிகம் உள்ள பொருளுக்கு முதலில் செய்யுங்கள். அது தேறினால் மற்றவற்றுக்கு ஓரளவு துணிச்சல் வரும். முடிந்த பொருளில் கிருமி எண்ணிக்கைக்கு ஐ.எஸ்.ஓ 17516 வைக்கும் எல்லை ஒரு கிராமுக்கு 1000. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 100.

படி 8: விற்பதானால்

இந்தியாவில் அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 இதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். லேபிளில் உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்கள் இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை இறங்குவரிசையில் வரும். அதற்குக் கீழ் உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். ப்ரிசர்வேட்டிவ் பெயர் பட்டியலின் கடைசியில் இல்லாமல் நடுவில் இருந்தால் நிறையப் போட்டுவிட்டார்கள் என்று வாங்குபவர்கள் முடிவுகட்ட வேண்டாம்.

படி 9: குழந்தைக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும்

குழந்தை விஷயத்தில் ஃபீனாக்சிஎத்தனால் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது, பாலூட்டும் தாய் மார்புக்காம்பில் பூசும் ஒரு க்ரீமைப் பற்றி. அதிலிருந்த ஃபீனாக்சிஎத்தனாலும் குளோர்ஃபெனிசினும் குழந்தையின் வாய்க்குள் போகும் என்பதுதான் பிரச்சினை. தோலில் பூசுவதைப் பொறுத்தவரை ஐரோப்பிய அறிவியல் குழு 2016-ல் ஆராய்ந்து, 1 சதவீதம் வரை குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்றது. வாய்க்குப் போகக்கூடிய இடத்தில் தவிர்ப்பது, மற்ற இடங்களில் பயப்படாமல் இருப்பது என்று நான் பிரித்துக்கொள்கிறேன். பச்சைக் குழந்தைக்குத் தண்ணீரே இல்லாத சாதாரணத் தைலமோ களிம்போ போதும் என்றால் அதுவே மேல்.

புதிய க்ரீமை முழங்கையின் உள்மடிப்பில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை பூசிய உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து அரிப்பும் சிவப்புமாக வரும். ஒரே ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டது என்று எண்ண வேண்டாம்.

ஒவ்வாமை வந்துவிட்டால் ஒவ்வொரு க்ரீமாக மாற்றிக்கொண்டே போகாமல் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்ததும் ஒருமுறை, 96-ஆவது மணி நேரத்தில் மறுமுறை பார்ப்பார்கள். பயன்படுத்தும் க்ரீம், ஷாம்பூ, வைப்ஸ் எல்லாவற்றையும் லேபிளோடு எடுத்துப்போங்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் ஒவ்வாமை என்று முடிவு வந்தால் அழகுசாதனங்களோடு நிற்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவத்திலும் சுவர் பெயின்ட்டிலும் அதே பொருள் இருக்கும். புதிதாக வண்ணம் அடித்த அறையில் காற்றில் கலந்தே சிலருக்கு முகம் வீங்குகிறது. வாடை போன பிறகும் சில வாரங்கள் அந்த அறையில் படுக்காதீர்கள்.